நகருக்குள் வீடா, புறநகரில் வீடா? புதிதாகக் குடியேறுபவர்கள் முடிவெடுக்க ஒரு வழிகாட்டி

வேலை கிடைத்துவிட்டது, ஊர் மாற வேண்டும், வீடு பார்க்க வேண்டும். பெருநகரம் ஒன்றுக்குப் புதிதாகப் போகும் எவரும் முதலில் மாட்டிக்கொள்ளும் கேள்வி இது: நகருக்குள்ளேயே சின்ன வீடாகப் பார்ப்பதா, கொஞ்சம் தள்ளிப் போய்ப் பெரிய வீடாக எடுப்பதா? தெரிந்தவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். உள்ளே இருப்பவர் "எல்லாம் பக்கத்திலேயே இருக்கு" என்பார். வெளியே இருப்பவர் "நிம்மதியா மூச்சு விடலாம்" என்பார். இருவரும் தங்கள் வாழ்க்கையைத்தான் சொல்கிறார்கள். உங்கள் வீட்டில் எத்தனை பேர், யார் எங்கே போய் வருகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அதனால் அபிப்பிராயம் சேகரிப்பதை நிறுத்திவிட்டு, நாமே உட்கார்ந்து கணக்குப் போடுவதுதான் நல்லது. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே உள்ள எல்லாப் படிகளும் இதிலிருந்துதான் வருகின்றன. சம்பாதிக்கிறவரின் வசதியை மட்டும் வைத்து இடத்தை முடிவு செய்யாதீர்கள். வீட்டில் வண்டி ஓட்டத் தெரியாதவர், ஓட்ட முடியாதவர் யாரோ, அவரை நடுவில் வைத்து யோசியுங்கள்.

முதல் படி: உங்கள் வாரத்தைத் தாளில் எழுதுங்கள்

வீட்டு விளம்பரங்களைப் பார்க்கத் தொடங்கும் முன் இதைச் செய்துவிடுங்கள். படங்களைப் பார்த்த பிறகு மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு கட்டங்கள் போட்டு, வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் எந்த நேரத்தில் எங்கே போகிறார்கள் என்று எழுதுங்கள். அலுவலகமும் பள்ளியும் தானாக ஞாபகத்துக்கு வரும். விட்டுப்போவதெல்லாம் மற்றவைதான்: மாதாமாதம் மருத்துவரைப் பார்ப்பது, பிள்ளையின் சாயங்கால வகுப்பு, நடைப்பயிற்சி, நூலகம், வார இறுதியில் உறவினர் வீடு, திடீரென்று தீர்ந்துபோன பொருளுக்காகக் கடைக்கு ஓடுவது.

எழுதி முடித்ததும், வாரத்தில் மூன்று தடவைக்கு மேல் வரும் இடங்களை வட்டமிடுங்கள். நீங்கள் எங்கே குடியிருக்க வேண்டும் என்பதை முக்கியமாக இவைதான் தீர்மானிக்கும். வருடத்துக்கு நாலு முறை போகும் விமான நிலையத்துக்காக இடம் தேடத் தேவையில்லை.

வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் அலுவலகம் போனால் போதும் என்றால், தூரம் அவ்வளவாக உறுத்தாது. ஆனால் அந்த ஏற்பாடு எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மேலாளர் மாறினால் மாறிவிடக்கூடிய ஒரு சலுகையை நம்பி நகரின் கடைசி எல்லையில் வீடு எடுப்பது ஆபத்து.

இரண்டாம் படி: எந்த வகைப் புறநகர் என்று பாருங்கள்

புறநகர் என்ற ஒரே சொல்லுக்குள் முற்றிலும் வேறுபட்ட இரண்டு வகை வாழ்க்கை இருக்கிறது. வரலாற்றைக் கொஞ்சம் தொட்டால் இது சட்டென்று புரியும்.

லண்டனில் 1863-இல் உலகின் முதல் சுரங்க ரயில் ஓடத் தொடங்கியது. அந்தப் பாதை மெல்ல மெல்ல வெளியே நீள, நிலையங்களைச் சுற்றிக் குடியிருப்புகள் முளைத்தன. அங்கே குடியேறியவர்கள் நடந்தே நிலையத்துக்கு வந்தாக வேண்டும். அதனால் வீடுகள் நெருக்கமாக இருந்தன. கடைகள் நிலையத்து வாசலிலேயே வந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த புறநகர் வேறு மாதிரி. அமெரிக்காவில் 1947-இல் நியூயார்க் அருகே லெவிட்டவுன் கட்டத் தொடங்கினார்கள். ஒரே அச்சில் வார்த்த தனி வீடுகள், ஆயிரக்கணக்கில். அந்த மாதிரி இடங்களில் வீட்டுக்கு ஒரு கார் இருக்கும் என்று வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் திட்டமிட்டார்கள். கடை ஒரு மூலை, பள்ளி ஒரு மூலை, நடுவில் அகலச் சாலை.

இன்று நீங்கள் எந்த நாட்டில் வீடு பார்த்தாலும், பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றின் சாயல் இருக்கும்: ரயிலைச் சுற்றி வளர்ந்த புறநகர், நெடுஞ்சாலையைச் சுற்றி வளர்ந்த புறநகர். முதல் வகை பல சமயம் நகர வாழ்க்கைக்கு மிகப் பக்கத்தில் வந்துவிடும். இரண்டாவது வகையில் வண்டி இல்லாவிட்டால் தீவில் மாட்டிக்கொண்ட மாதிரிதான். ஆகவே "நகரமா, புறநகரமா" என்று பொதுவாக ஒப்பிடாமல், உள்ளே ஒரு குறிப்பிட்ட தெரு, வெளியே ஒரு குறிப்பிட்ட தெரு என்று எடுத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். இனி வரும் எல்லாக் கணக்கையும் இந்த இரண்டு விலாசங்களுக்கும் தனித்தனியாகப் போடுங்கள்.

மூன்றாம் படி: பயண நேரத்தை வாசலிலிருந்து வாசல் வரை எண்ணுங்கள்

விளம்பரத்தில் "ரயில் நிலையம் 10 நிமிடம்" என்று போட்டிருக்கும். ரயிலில் 30 நிமிடம். ஆக 40 நிமிடம் என்று மனதில் பதிந்துவிடும். உண்மையில் காலையில் நடப்பதை ஒவ்வொன்றாகப் பாருங்கள். வீட்டைப் பூட்டி, லிஃப்ட்டுக்குக் காத்திருந்து தெருவுக்கு வர 4 நிமிடம். அந்த 10 நிமிடம் வேகமாக நடப்பவருக்கு. சிக்னலில் நின்று, பையோடு நடந்தால் 13. நுழைவாயில் தாண்டி நடைமேடைக்குப் போக 3. ரயிலுக்குக் காத்திருக்க 6. பயணம் 30. இறங்கிக் கூட்டத்தோடு வெளியே வர 4. அங்கிருந்து அலுவலக இருக்கைக்கு 9. கூட்டினால் 69 நிமிடம். ஏமாற்று வேலை எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் நீங்கள் நினைத்ததற்கும் நடப்பதற்கும் கிட்டத்தட்ட அரை மணி நேர வித்தியாசம், அதுவும் ஒரு வழிக்கு மட்டும்.

ஒரு வழிக்கு ஒரு மணி நேரம் என்றே வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 240 வேலை நாட்கள் என்றால் 480 மணி நேரம். இரவும் பகலுமாக முழுதாக 20 நாட்கள். எட்டு மணி நேர வேலை நாளாகப் பார்த்தால் 60 நாட்கள். இந்த எண்ணைத் தாளின் மேலே பெரிதாக எழுதி வையுங்கள்.

போக்குவரத்து ஆய்வாளர் யாக்கோவ் ஜஹாவியின் ஆய்வுகளை அடியொற்றி, இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்ச்செட்டி 1994-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: மனிதர்கள் சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரத்தைத்தான் பயணத்துக்கு ஒதுக்குகிறார்கள், வண்டி வேகமாகும்போது அந்த நேரம் குறைவதில்லை, ஊர்தான் அகலமாகிறது. போக, வர இரண்டும் சேர்த்துத்தான் அந்த ஒரு மணி நேரம் என்பதைக் கவனியுங்கள். அதைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு நிமிடமும் தூக்கத்திலிருந்தோ, பிள்ளைகளோடு இருக்கும் நேரத்திலிருந்தோதான் வரப்போகிறது.

"பெரிய வீடு கிடைக்கிறதே, அதற்காகக் கொஞ்சம் அலையலாம்" என்ற வாதத்தைப் பொருளாதார அறிஞர்களும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் புரூனோ ஃப்ரை, அலாய்ஸ் ஸ்டட்சர் இருவரும் ஜெர்மனியில் எடுக்கப்பட்ட குடும்ப ஆய்வுத் தரவுகளை அலசினார்கள். நீண்ட பயணம் செய்பவருக்கு நல்ல வீடோ, நல்ல சம்பளமோ அந்தச் சிரமத்தை ஈடுகட்டியிருக்க வேண்டும் என்பது கோட்பாடு. தரவுகளில் அப்படித் தெரியவில்லை. பயண நேரம் கூடக் கூட, வாழ்க்கையில் திருப்தி குறைந்துகொண்டே போனது. வீடு பெரிதாக இருப்பது சில மாதங்களில் பழகிவிடும். நெரிசல் அவ்வளவு சுலபமாகப் பழகாது என்பதுதான் என் எண்ணமும்.

எல்லா நிமிடங்களும் ஒன்றல்ல என்பதையும் மறக்க வேண்டாம். உட்கார்ந்து படித்துக்கொண்டே போகும் 50 நிமிடம், இரண்டு முறை வண்டி மாறி நின்றுகொண்டே போகும் 35 நிமிடத்தை விட எவ்வளவோ மேல். சராசரி நாளை மட்டும் பார்க்காமல் மோசமான நாளையும் பாருங்கள்: மழை கொட்டும் நாளில் எவ்வளவு நேரம் ஆகும்? கடைசி ரயில் எத்தனை மணிக்கு? அதைத் தவறவிட்டால் வேறு வழி என்ன?

தரகர் "அடுத்த வருடம் மேம்பாலம் வந்துவிடும், அப்புறம் பறக்கலாம்" என்று சொன்னால், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் அந்தோணி டவுன்ஸ் 1962-லேயே இதை விளக்கிவிட்டார். பெருநகரத்தின் புதிய விரைவுச் சாலை, நெரிசல் நேரத்தில் தன் கொள்ளளவு முழுவதும் நிரம்பிவிடும்; வேறு பாதையில், வேறு நேரத்தில் போனவர்கள் எல்லாம் அதற்கு வந்துவிடுவார்கள். இன்று ஓடுகிற பேருந்து, இன்று ஓடுகிற ரயில், இவற்றை வைத்து மட்டும் முடிவெடுங்கள்.

நான்காம் படி: வாடகையோடு போக்குவரத்தையும் சேர்த்துக் கூட்டுங்கள்

தள்ளிப் போகப் போக வாடகை ஏன் குறைகிறது? பொருளாதார அறிஞர் வில்லியம் அலோன்சோ 1964-இல் இதற்கு ஒரு தெளிவான விளக்கம் தந்தார். மையத்தை விட்டு விலகும்போது பயணச் செலவு கூடுகிறது. அதே இடத்துக்கு மக்கள் கொடுக்கத் தயாராக இருக்கும் தொகை அந்த அளவுக்குக் குறைகிறது. சுருக்கமாகச் சொன்னால், வாடகையில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கு வண்டிக்கும் நேரத்துக்கும் போய்விடும்.

வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் வீட்டுச் செலவு இருக்க வேண்டும் என்று ஒரு பழைய அளவுகோல் உண்டு. சிகாகோவில் இயங்கும் ஓர் ஆய்வு மையம், வீட்டையும் போக்குவரத்தையும் சேர்த்து 45 சதவீதத்துக்குள் பார்க்கச் சொல்கிறது. எண் நாட்டுக்கு நாடு மாறலாம், ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் சரியான முறை.

புறநகர்க் கணக்கில் பலர் விட்டுவிடுவது இரண்டாவது வண்டியை. ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் இருப்பவருக்கு இன்னொன்று வேண்டியிருக்கும். அதன் மாதத் தவணை, எரிபொருள், காப்பீடு, பழுதுபார்ப்பு, ஆண்டுக்காண்டு குறையும் மதிப்பு, எல்லாவற்றையும் எழுதுங்கள். பல வீடுகளில் வாடகையில் மிச்சம் பிடித்ததை இந்த ஒரு வரியே விழுங்கிவிடும். பெரிய வீட்டுக்கு மின்சாரமும் அதிகம், நிரப்பச் சாமான்களும் அதிகம். நகருக்குள் என்றால் பார்க்கிங் கட்டணம், பராமரிப்புக் கட்டணம், இடம் போதாமல் வெளியே சாமான் வைக்கும் செலவு ஆகியவற்றைச் சேருங்கள்.

ஐந்தாம் படி: வண்டி ஓட்டாதவரின் ஒரு நாளை வாழ்ந்து பாருங்கள்

வேலைக்குப் போகிறவர் நாளில் பத்து மணி நேரம் வீட்டிலேயே இருப்பதில்லை. அந்தத் தெருவில் முழு நாளையும் கழிப்பது வேறு ஆட்கள்: வயதானவர்கள், சின்னப் பிள்ளைகள், பள்ளிக்குப் போகும் பன்னிரண்டு வயதுப் பையன், மொழி இன்னும் பழகாமல் புது ஊரில் வேலை தேடிக்கொண்டிருக்கும் மனைவி அல்லது கணவர். வீடு எங்கே என்பதன் நன்மையும் தீமையும் இவர்கள் தலையில்தான் அதிகமாக விழுகிறது. ஆனால் வீடு பார்க்கப் போகும்போது இவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் குறைவு.

ஒரு வயதான அம்மாவை எடுத்துக்கொள்வோம். முழங்கால் வலி, மெதுவாகத்தான் நடப்பார். காலை பதினொரு மணிக்கு மருந்துக் கடைக்குப் போக வேண்டும். நகருக்குள் இருக்கும் வீட்டிலிருந்து இறங்கி, நடைபாதையில் 250 மீட்டர் நடந்து, மருந்தை வாங்கிக்கொண்டு, வழியில் நிழலில் ஓர் இருக்கையில் உட்கார்ந்து, யாருடனாவது இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பிவிடுவார். வெளியே இருக்கும் வீட்டிலிருந்து அதே கடை 2 கிலோமீட்டர். நடைபாதை பாதியில் நின்றுவிடுகிறது. பேருந்து ஒரு மணி நேரத்துக்கு ஒன்று. ஆகவே சாயங்காலம் மகன் வரும் வரை காத்திருப்பார். மகன் களைத்து வருவதைப் பார்த்து, "நாளைக்கு வாங்கிக்கலாம்" என்று சொல்லிவிடுவார். இப்படியே ஒவ்வொன்றாகத் தள்ளிப்போட்டு, கடைசியில் வெளியே போவதையே நிறுத்திவிடுவார். வாடகைக் கணக்கில் இதற்கு ஒரு வரியும் இல்லை.

பிள்ளைகளுக்கு இதன் மறுபக்கமும் உண்டு, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வண்டிகள் அதிகம் வராத புறநகர்த் தெருவில் சைக்கிள் ஓட்டி, மண்ணில் விளையாடி வளர்வது பெரிய கொடுப்பினை. நாலு வயதுக் குழந்தைக்கு அந்த இடம் சொர்க்கம். ஆனால் அதே பிள்ளைக்குப் பதினான்கு வயது ஆகும்போது நண்பன் வீட்டுக்குப் போகவும் பயிற்சிக்குப் போகவும் ஒவ்வொரு முறையும் உங்களைக் கேட்க வேண்டியிருக்கும். வாடகை வீடு என்றால் இன்றைய வயதைப் பார்த்தால் போதும். சொந்த வீடு வாங்குகிறீர்கள் என்றால் பத்து வருடம் கழித்து வரும் வயதையும் பாருங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். பார்த்து வைத்த இரண்டு விலாசங்களுக்கும், வீட்டில் வண்டி ஓட்டாதவரை நேரில் அழைத்துப் போங்கள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, அவருடைய வேகத்தில், அவரோடு நடங்கள். பேருந்து நிறுத்தத்துக்கு 400 மீட்டர், ரயில் நிலையத்துக்கு 800 மீட்டர் என்பது நகரத் திட்டமிடுபவர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் நடை தூரம். ஆரோக்கியமான ஆளுக்கு முறையே ஐந்து நிமிடம், பத்து நிமிடம். உங்கள் வீட்டுப் பெரியவருக்கு எவ்வளவு ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். சாலையைக் கடக்க வேண்டிய இடத்தில் அவர் முகத்தையும் பாருங்கள்.

ஆறாம் படி: வெவ்வேறு நேரங்களில் போய்ப் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு எந்த இடமும் அழகாகத்தான் இருக்கும். வேலை நாளில் காலை எட்டு மணிக்கு ஒரு முறை, இரவு பத்து மணிக்கு ஒரு முறை, முடிந்தால் கனமழைக்கு மறுநாள் ஒரு முறை போங்கள். நகருக்குள் இருக்கும் வீட்டில் படுக்கையறை எந்தப் பக்கம் என்பது மிக முக்கியம். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2018-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, சாலை இரைச்சல் இரவில் சராசரியாக 45 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும். கைபேசிச் செயலியில் ஏறக்குறைய அளந்து பார்க்கலாம். பெருஞ்சாலையை நோக்கிய அறைக்கும், அதே வீட்டில் பின்பக்கம் பார்த்த அறைக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

வெப்பமும் அப்படித்தான். லண்டன் நகரின் இரவுகள் சுற்றுப்புறத்தை விடச் சூடாக இருக்கின்றன என்று லூக் ஹோவர்ட் என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அளந்து எழுதினார். கான்கிரீட்டும் தாரும் பகலெல்லாம் வெப்பத்தை வாங்கி வைத்து இரவில் விடுகின்றன. நகருக்குள் மேல் தளத்தில் வீடு என்றால், மாலை ஏழு மணிக்குப் போய்ச் சுவரில் கை வைத்துப் பாருங்கள். காற்று விஷயத்தில் மட்டும் புறநகரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். பக்கத்தில் நெடுஞ்சாலையோ, ஆலையோ, முடியாத கட்டுமான வேலையோ இருந்தால் நகர மையத்தை விட மோசமாக இருக்கலாம்.

புதிதாக உருவாகும் புறநகர்களில் தண்ணீரைப் பற்றிக் கட்டாயம் விசாரியுங்கள். நல்ல மேட்டு நிலத்தில் முன்பே ஊர் வந்துவிடுவதால், பிறகு வருபவர்களுக்குப் பள்ளமான இடம்தான் மிஞ்சுவது உண்டு. "நூறு வருடத்துக்கு ஒரு முறை வரும் வெள்ளம்" என்று சொன்னால் அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். எந்த ஒரு வருடத்திலும் அது வருவதற்கு 1 சதவீத வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள். 30 வருடக் கடனில் வீடு வாங்கினால், அந்தக் காலத்துக்குள் ஒரு முறையாவது வருவதற்கு 26 சதவீதம், அதாவது நாலில் ஒன்றுக்கும் மேல். விற்பவரைக் கேட்பதை விட, அந்தத் தெருவில் பழைய ஆள் ஒருவரைப் பிடித்து "தண்ணி எது வரைக்கும் வந்தது?" என்று கேளுங்கள். சுவரின் கீழ்ப்பகுதியில் கறைக் கோடு இருக்கிறதா, பக்கத்து வீடுகள் தரையை உயர்த்திக் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

ஏழாம் படி: கூட்டிப் பார்த்து ஒரு பக்கம் சாயுங்கள்

இந்த ஆறு படிக்குப் பிறகு பெரும்பாலும் விடை தாளிலேயே தெரிந்துவிடும். இழுபறியாக இருந்தால் என் கருத்து இதுதான். ஊருக்கே புதியவர், யாரையும் தெரியாது, வீட்டில் வண்டி ஓட்டாதவர் இருக்கிறார் என்றால் முதல் வருடம் உள்ளே இருங்கள், வீடு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. ஊரைத் தெரிந்துகொள்ளவும் ஆட்களைப் பழகவும் அது உதவும். வட்டமிட்ட இடங்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே வெளியேதான் இருக்கின்றன என்றாலோ, ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் வீடு கிடைக்கிறது என்றாலோ புறநகருக்குத் தயங்காமல் போங்கள். மூச்சுக்கோளாறு, தூக்கக் கோளாறு இருப்பவர்கள் வீட்டில் இருந்தால் இரைச்சலுக்கும் புகைக்கும் கூடுதல் எடை கொடுங்கள். பணத்தில் சின்ன வித்தியாசம்தான் வருகிறது என்றால், பயண நேரம் குறைவான வீட்டை எடுங்கள்.

எட்டாம் படி: முதலில் வாடகைக்கு, அதுவும் வெளியேற வழியோடு

எவ்வளவு பிடித்திருந்தாலும் வந்தவுடன் சொந்த வீடு வாங்க வேண்டாம். ஒரு வருட ஒப்பந்தம் போடுங்கள். கையெழுத்துப் போடும் முன் நாலு விஷயங்களை எழுத்தில் பாருங்கள்: காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு, நடுவில் கிளம்பினால் எவ்வளவு பிடித்தம், முன்பணம் எத்தனை நாளில் திரும்பி வரும், வாடகை எப்போது எவ்வளவு ஏறும். வாயால் சொன்னது எதுவும் பின்னால் உதவாது.

குடிபோன மூன்றாவது மாதம் முதல் படியின் தாளை மறுபடி எடுங்கள். நீங்கள் எழுதிய பயண நேரத்துக்குப் பக்கத்தில் உண்மையில் ஆகும் நேரத்தை எழுதுங்கள். செலவையும் அப்படியே. பெரியவரும் பிள்ளைகளும் அந்த மாதத்தில் உங்கள் துணை இல்லாமல் எத்தனை முறை வெளியே போய் வந்தார்கள் என்று அவர்களிடமே கேட்டு, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா, முன்னறிவிப்புக் கொடுப்பதா என்று முடிவு செய்யும் நாளில் அந்தத் தாள் கையில் இருக்கட்டும்.